சூடத்தின் மேல் வைத்த கை

தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அதன் எதிரே என் மருமகள் பிரஷாந்தினி நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாததால் மாரியம்மன் கோயில் வாசலில் எல்லா லயத்து வரிசை வீடுகளின் சனமும் கூடியிருந்தது.

"ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது? மத்தக் கட்சிக்காரன்தானே? சூடத்த அணைச்சுச் சொல்லு புள்ள," என்றான் புவனேந்திரன்.

அவன் இப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். அவனுக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவன் நான்.

முந்தின வாரம் கொஸ்லந்தையில் எங்கள் சங்கம் சார்ந்த கட்சியின் தேர்தல் கூட்டம். வேட்பாளர் பேசி முடித்து மாலையைக் கழற்றும்போது பிரஷாந்தினி எழுந்து கேட்டிருக்கிறாள்.

"மழை பேஞ்சா மண்ணு சரியும், ஸ்கூல்ல போய்ப் படுங்கன்னு சொல்றீங்க. கட்டித் தர்றேன்னு சொன்ன வீடு எங்கங்க ஐயா?"

யாரோ அதைப் போனில் எடுத்துப் பரப்பிவிட்டார்கள்.

மறுநாள் எங்கள் கதவில் சாணி அப்பியிருந்தது. மலையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று கொழுந்து எடுக்க ஒருத்தியும் வரவில்லை. அவள் சத்தியம் செய்யாவிட்டால் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் படியேறக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள்.

"நானாத்தான் கேட்டேன். அணைக்கிறேன், தள்ளுங்க," என்று அவள் கையை நீட்டினாள்.

உண்மை சொல்கிற கையைச் சூடம் சுடாது என்பது எங்கள் தோட்டத்து நம்பிக்கை.

எனக்குத்தான் உடம்பு கூசியது. திருட்டுப் பழி விழுந்தவர்கள் அணைக்கும் சூடம் அது. எங்கள் வீட்டுப் பெண் எவளும் சனத்தின் நடுவே அதன் முன் நின்றதில்லை. அதுவும் மகன் கொழும்பில் இருக்கும்போது, நான் உயிரோடு பார்த்துக்கொண்டிருக்க.

அவளை ஒதுக்கிவிட்டு முன்னால் போனேன். உள்ளங்கையால் சூடத்தை அழுத்தினேன்.

"அம்மா மேல சத்தியம். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு புவனேந்திரன் சிரித்தான்.

"அப்பவே நெனச்சேன். பெரியவருக்கு இன்னும் தலைவர் ஆச விடல. பதவி போன வயித்தெரிச்சல மருமக வாயில வச்சு அனுப்பியிருக்காரு!"

அவன் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். நேற்றுவரை அவளிடமிருந்து விலகி நின்ற பெண்கள், "பாவம், அவளுக்கு என்னா தெரியும்?" என்று அவள் தோளைத் தட்டினார்கள். கட்டுப்பாடு அங்கேயே நீங்கியது.

எங்கள் வீட்டு மானம் நின்றது. கையை மூடிக்கொண்டு, தலை நிமிர்ந்தே படியிறங்கினேன்.

லயத்துக்கு ஏறும்போது தூறல் விழுந்தது. பிரஷாந்தினி முன்னால் நடந்தாள்.

கூட்டம் நடந்த அன்று நான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போயிருந்தேன். அவள் கேட்டதை மற்றவர்களைப் போல நானும் போனில்தான் பார்த்தேன். அன்றிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்குள் போனதும் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தாள். என் விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

மழை வலுத்தது. கோயில் ஒலிபெருக்கியில் புவனேந்திரனின் குரல். மண் சரியலாம், எல்லோரும் ஸ்கூலுக்குப் போங்கள் என்றது.

அவள் எண்ணெயைத் தடவி முடித்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள்.

"இனிமே வீடு எங்கன்னு யாரு கேட்டாலும் ஒங்க வயித்தெரிச்சல்னுதான் சொல்லுவாங்க."



வாசலில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் அணைச்சிருந்தா சுட்டிருக்காது மாமா."