மேலேயிருந்து பார்த்த கிணறு

மருதாசலம் ஏரோப்ளேன் ஏறப் போகிறார் என்று தெரிந்ததும் ஊரே சிரித்தது.

சண்டைக் காலத்தில் ராணுவத்தில் ஓடிய பழைய ஏரோப்ளேன் அது. பெங்களூர்க்காரர் யாரோ ஏலத்தில் எடுத்து, திருச்செங்கோட்டுக்கு வெளியே ஒரு பொட்டலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். தலைக்குப் பத்து ரூபாய். ஒரு தடவைக்கு இரண்டு பேர். மலையைச் சுற்றிக் காட்டி, பக்கத்து ஊர்களின் மேல் ஒரு வட்டம் அடித்து இறக்கிவிடுவார்கள்.

“ஏனுங்க, அந்தப் பத்து ரூபாய்க்குப் புண்ணாக்கு வாங்கிப் போட்டாச் சாணியாவது மிஞ்சும்,” என்றாள் மனைவி வசந்தாமணி. “இன்னிக்கு நம்ம முறை வேற. நொண்டற காளைய மெல்லப் பூட்டியாவது பாய்ச்சுங்க. மொளகாச் செடி தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்குது. இன்னிக்குத் தண்ணி பாயலீன்னா அடுத்த முறைக்குச் செடி இருக்காது.”

“அடுத்த முறைக்குத் திருடன் இருக்கமாட்டான், போ,” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அண்ணன் தம்பிக்கு ஒரே கிணறு. ஒருநாள் மருதாசலம் காளை பூட்டி, கவலைச் சாலில் தண்ணீர் இறைப்பார். மறுநாள் தம்பி குமாரசாமி. ஒருத்தர் முறையில் மற்றவர் காளை கிணற்று மேடு ஏறக்கூடாது.

கொஞ்ச நாளாக, தன் முறையன்று விடிந்ததும் எட்டிப் பார்த்தால் கிணற்றில் தண்ணீர் குறைந்தே கிடந்தது. கேட்டால், ஊத்து அடங்கிப் போச்சுங்கண்ணா என்றான் தம்பி. மருதாசலம் நம்பவில்லை. பனைமரத்தடியில் படுத்துக் காவல் காத்துப் பார்த்தார். மறைந்துகொள்ள ஒரு புதர் இல்லாத வெறுங்காடு. காவலுக்குப் போனவரைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

ஏரோப்ளேன் வந்தது. தான் ஊரில் இல்லை என்று தம்பிக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டுப் புறப்பட்டார். தலைக்கு மேலே பறக்கிறவன் தன்னைத்தான் பார்க்கிறான் என்று எந்தத் திருடன் நினைப்பான்?

பொட்டலில் அவருக்கு முன்னால் நின்றவர் சின்னுசாமி. குமாரசாமியின் மகள் சௌந்திரத்தைத் தன் பையனுக்குக் கேட்டிருப்பவர்.

நகை போதாது என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண் அவள். சின்னுசாமி நகை கேட்கவில்லை. குடும்பம் நாணயமாக இருந்தால் போதும் என்றிருந்தார். ஆனால் பெண் வீட்டுப் பங்காளியிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் அவர்கள் வெற்றிலை மாற்றுவதில்லை. விசாரிக்க நாளைக்கு உங்க ஊட்டுக்கே வாரனுங்க மச்சான் என்றார். தாராளமா வாங்க என்றார் மருதாசலம். பிள்ளையில்லாத அவர் தோளில் வளர்ந்தவள் சௌந்திரம்.

இருவரையும் ஒன்றாக ஏற்றினார்கள்.

குலுங்கிக் குலுங்கி ஓடிய வண்டி, சட்டென்று குலுங்கலை விட்டது. சின்னுசாமி கண்ணை இறுக மூடி அர்த்தநாரீசுவரரைக் கூப்பிட்டார். மருதாசலம் மலையையும் பார்க்கவில்லை, கோயிலையும் பார்க்கவில்லை. கீழேயே குனிந்திருந்தார்.

ஊர் வந்தது. காடும் தோட்டமும் பாய் விரித்த மாதிரி கிடந்தன. நடுவில் கொட்டாங்கச்சி அளவுக்கு ஒரு கிணறு. அதன் மேட்டில் ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் போவதும் வருவதுமாக இருந்தன.

அப்படி ஒரு காளை ஜோடி அந்தச் சுற்று வட்டாரத்தில் குமாரசாமியிடம் மட்டும்தான் உண்டு.

சின்னுசாமியை உலுக்கிக் கண்ணைத் திறக்க வைத்து, விரலை நீட்டிக் காட்டினார்.

இறங்கியதும் சின்னுசாமிக்குச் சிரிப்பு வந்தது. மேலே என்னத்தையோ காட்டினீங்களே, அது யாரு காளைங்க என்று கேட்டார்.

சும்மாதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை.

“என்ற தம்பியோடது. இன்னிக்கு என்ற முறைங்க மச்சான். நான் ஊர்ல இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு என்ற தண்ணிய இறைக்கறான். உங்க கண்ணாலயே பார்த்தீங்கல்ல?”

சின்னுசாமியின் சிரிப்பு போய்விட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கூடப் பொறந்தவன் தண்ணியவா?” என்றார் மெதுவாக. பிறகு, “நல்லவேளைங்க. வெத்தலை மாத்தறதுக்கு முன்னயே தெரிஞ்சுது.”

வண்டியைப் பூட்டச் சொல்லி நடந்தார்.

மருதாசலத்துக்கு அப்போதுதான் சுருக்கென்றது. புள்ளை தங்கமான புள்ளைங்க மச்சான் என்று பின்னாலேயே கத்தினார். அடுத்த இருவரை ஏற்றிக்கொண்டு ஏரோப்ளேன் இரைய ஆரம்பித்திருந்தது. சின்னுசாமி திரும்பவில்லை.

வழியெல்லாம் அந்தச் சங்கடத்தையும் தம்பி தலையிலேயே தூக்கிப் போட்டார். அவன் திருடாமல் இருந்திருந்தால் நான் ஏன் சொல்லப் போகிறேன்? பெற்றவனுக்கே இல்லாத அக்கறை எனக்கு எதற்கு? ஊர் எல்லை வருவதற்குள் கோபம் நன்றாக ஊறிவிட்டது. வீட்டுக்குப் போகவில்லை. தன் மிளகாய்த் தோட்டத்தைக் குறுக்கே மிதித்துக்கொண்டு நேராகக் கிணற்றுக்கு நடந்தார்.

கணுக்கால்வரை சேற்றில் புதைந்தது.

குனிந்து பார்த்தார். கடைசிப் பாத்திவரை தண்ணீர் நின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் பருத்திக்காட்டில் மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

கிணற்று மேட்டில் காளைகளை அவிழ்த்துக்கொண்டிருந்த குமாரசாமி, அண்ணனைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

“அண்ணி செடியப் பார்த்துட்டு அழுதுட்டு இருந்தாங்க. உங்க காளைக்கு நொண்டி இன்னும் சரியாகலை. அதான் என்ற காளையப் பூட்டிப் பாய்ச்சி உட்டனுங்கண்ணா. கோவிச்சுக்காதீங்க.”

மருதாசலம் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி வரப்பில் வைத்தார்.

“நாளைக்குச் சின்னுசாமி விசாரிக்க வாராராமுங்க,” என்றான் தம்பி. “என்னயப் பத்தி நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணா. நீங்க சொன்னா அவரு அப்படியே நம்புவாருங்க.”