சுற்றாமல் வந்த வீடியோ

ஜவ்வாது மலை வெயிலில், தம்பி சடையன் வீட்டுச் சுவரில் புது இணையப் பெட்டி முனகுகிறது. "ஒரு வூட்ல பாத்த வீடியோ இதுலயே தங்கிடுங்க. அடுத்த வூட்டுக்கு ஒடனே வந்துடும்," என்கிறான் அதை மாட்டிய அஸீம். ஊரில் இதுவரை இணைப்பு சடையனுக்கும் பக்கத்து வீட்டில் இருக்கும் அவன் அக்கா அம்மாக்கண்ணுக்கும் மட்டும்தான். அவள் கைப்பேசியில் சமையல் வீடியோ வராமல் வட்டம் சுற்றுகிறது. தம்பி தாலுகா ஆபீசுக்கு அடிக்கடி போய்வருவது மனதை உறுத்த, 'கூட்டுப் பட்டாவில் அக்கா பெயரை நீக்குவது எப்படி' என்ற வீடியோவைத் தொடுகிறாள். விரலை எடுப்பதற்குள் அது ஓடுகிறது. "இது மட்டும் இன்னா இவ்ளோ சீக்கிரம்?" "ஏற்கெனவே பாத்திருக்காங்கம்மா," என்கிறான் அஸீம். முற்றத்தில் காயும் புளியைச் சடையன் தலை நிமிராமல் கிளறுகிறான். அவள் அவன் காதில் விழும்படி ஒலியைக் கூட்டுகிறாள்.