இரண்டு வரிகளில் பயமுறுத்துக

பள்ளியில் பிள்ளைகளின் கற்பனைத் திறனை வளர்க்கிறார்களாம். அதற்கு என் கையில் எதற்குப் பட்டை மாட்ட வேண்டும்? ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இதழினி இரண்டு வரியில் ஒரு பேய்க்கதை சொல்ல வேண்டும். கேட்கிற நான் நிஜமாகவே பயந்தால் பட்டை சிவப்பாகி, கதை தானாகப் பள்ளிக்குப் போய்விடும். சப்பாத்தி தேய்த்தபடியே கேட்டேன்.

“பிரிட்ஜைத் திறந்தேன். உள்ள இருந்த தலை, ‘கதவைச் சாத்து, குளிருது’ன்னு சொல்லுச்சு.”

சிரித்துவிட்டேன். பட்டை பச்சையாகவே இருந்தது.

“கண்ணாடியில என்னைப் பார்த்தேன். அதுல நான் கண்ணை மூடியிருந்தேன்.”

அதற்கும் பச்சைதான். மூச்சை அடக்கிப் பார்த்தேன், முழியை உருட்டிப் பார்த்தேன். அந்தச் சனியன் ஏமாறவில்லை.

“நீ வேணும்னே பயப்பட மாட்டேங்கற! எல்லாரும் அனுப்பிட்டாங்க!”

“பயம் வரலைன்னா நான் என்னடி பண்ணுவேன்? உங்க மிஸ்ஸையே வந்து பயப்படச் சொல்லு!”

அழுதுகொண்டே பால்கனிக்குப் போனவள், கீழே எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

“அம்மா, அப்பா வந்துட்டாரு. இன்னிக்கும் வண்டியைக் கோணலாத்தான் நிறுத்துறாரு.”

சப்பாத்திக்கட்டையை அவர் கைக்கு எட்டாதபடி அடுப்புக்குப் பின்னால் ஒளித்தேன். அவளைப் படுக்கையறைக்குள் தள்ளி, “சத்தமே போடாதே” என்று சொல்லி வெளியே தாழ்ப்பாள் போட்டேன். மணிக்கட்டில் பட்டை செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டபோது பட்டை கணீரென்று அறிவித்தது:

“முழு மதிப்பெண். அருமையான கற்பனை!”