ஒற்றைக் கண்ணாடி

"மாப்ள, உங்க பக்கத்துல ஒரு அம்மா திரும்பத் திரும்ப ஜிஞ்சர்லி, ஜிஞ்சர்லின்னுதே... எனக்கு இஞ்சி டீ ஏதும் போடுறாங்களா?"

கோபுரக் கிரேனின் உச்சியில், ஓர் ஆள் உட்காரும் கூண்டுக்குள்ளிருந்து ஆபரேட்டர் வாக்கிடாக்கியில் கேட்டார். கொக்கியில் தொங்கும் சரக்கு கட்டடத்தின் மறுபக்கம் இருந்தது. அது அவர் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நின்று சிக்னல் சொல்லும் மருமகனின் குரல்தான் அவருக்குக் கண்.

"டீ இல்ல மாமா. பாத்து இறக்கச் சொல்றாங்க."

"அதுக்குத்தான் ஸ்லோன்னு ஒண்ணு இருக்கே?"

"ஸ்லோ வேற. கூலிக்கு வந்தவன் சும்மாவே ஸ்லோதான். இது பயத்தோட மெதுவா. முள்ளு குத்தின காலை எப்படி ஊனுவீங்க? தொட்டும் தொடாம? அதுதான். லாரியை ஸ்லோவா ஓட்டலாம். புண்ணுக்கு மருந்து ஜிஞ்சர்லியாத்தான் போடணும்."

"அடேங்கப்பா! என் மகளைக் கட்டாம இருந்தா வாத்தியார் ஆயிருப்பீங்க. யாரு அந்தம்மா?"

"கண்ணாடிக் கம்பெனி ஆளு. கண்ணாடிதான் தொங்குது."

எடை காட்டும் மீட்டரைப் பார்த்தார். முள் அசைந்த மாதிரியே இல்லை.

"எத்தனை கண்ணாடி மாப்ள?"

"ஒண்ணே ஒண்ணு."

"ஒத்தைக் கண்ணாடிக்குப் போயி கிரேனா! குடுத்து வச்ச கண்ணாடிதான். ஏன், கலவை மிஷின்கூட நின்னு போச்சு?"

"அதிரக்கூடாதாம் மாமா."

சிரிப்பை நிறுத்தினார். போன வாரம்தான் செங்கல் தட்டு ஒன்றைச் சுவரில் இடித்திருந்தார். இன்னொரு தடவை இடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தான். உள்ளங்கை வியர்வையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு லீவரைப் பிடித்தார்.

"மாப்ள, இப்ப இதே கட்டடத்துல கம்பி கட்டிட்டுத் திரியறானே என் பய, அவன் பொறந்தப்ப ஒரு முழம்கூட இல்ல. நர்ஸம்மா துணியில சுத்திக் குடுத்துச்சு. என் கை காய்ச்சுப் போன கை. எங்க கிழிச்சிருமோன்னு விரலை மடக்காமலே வாங்கினேன். அதுதானே ஜிஞ்சர்லி?"



"அதேதான் மாமா. அப்படியே இறக்குங்க."

இறக்கினார்.

"இன்னும்... இன்னும்... காத்தடிக்குது, நிறுத்துங்க... ம், விடுங்க... கொஞ்சூண்டு... தொட்டாச்சு."

சரக்கு தரையில் உட்கார்ந்த அதிர்வுகூட லீவருக்கு வரவில்லை.

"கீறல் ஏதும் விழுந்துச்சா?"

"சத்தமே வரல மாமா."

"அதை அந்த மேனேஜர் காதுல போடுங்க!"

"போடறேன். இப்ப கிரேனை ஆஃப் பண்ணிட்டு, நீங்களும் ஏணியில ஜிஞ்சர்லியா இறங்கி வாங்க."

"நான் என்ன கண்ணாடியா?"

அதுவரை மருமகன் கட்டிக் காத்த குரல் உடைந்தது.

"அந்தம்மா ஆம்புலன்ஸ் டாக்டர் மாமா. முன்னாடியே சொல்லியிருந்தா உங்க கை நடுங்கியிருக்கும். மேல சாரத்துல வழுக்கி முதுகுல அடி... முழிச்சிருக்கான், பேசறான். ஸ்ட்ரெச்சர்ல வச்சு நீங்க இறக்கினது உங்க பையனைத்தான்."