இருபது நிமிஷ டீ

“அஞ்சு நாள், அஞ்சு போட்டோ சார். நம்பர் ப்ளேட் எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாருங்க.”

லிடியா செல்போனை மேஜைமேல் வைத்தாள். நகர அலுவலக அதிகாரி அன்புச்செல்வன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஐந்து படத்திலும் அதே தண்ணீர் லாரி. டவுன்ஷிப் சாலையோரச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ஆபீஸ் லாரி. அது நின்ற இடம், அதே ஆபீஸ் நட்டு வைத்த ‘நோ பார்க்கிங்’ பலகைக்கு நேர் கீழே.

“எங்க ப்ளாக் ஸ்கூல் பஸ் ஸ்டாப் சார் அது. ஏழு நாற்பதுக்கு டிரைவர் வந்து ரோட்டோரத்தை அடைச்சு நிறுத்துறார். குழந்தைங்க லாரிக்குப் பின்னால மறைஞ்சு நிக்குதுங்க. இவர் பாட்டுக்கு எதிர்க்கடையில கிளாஸும் கையுமா நிக்கிறார். ஒரு டீக்கு இருபது நிமிஷம்!”

“அப்புறம்?”

“பஸ் வந்து குழந்தைங்க ஏறினதும் சாவகாசமா எடுத்துட்டுப் போறார். சனிக்கிழமை ஸ்கூல் லீவு, அன்னிக்கும் போய்ப் பார்த்தேன், ஆளைக் காணோம். நாங்க நிக்கிற நேரம் பார்த்துத்தான் சார் இந்த அடாவடி. பர்மனென்ட் ஆளு, யாரு என்ன பண்ணிட முடியும்னு நெனப்பு.”

லீவு நாளிலும் வேலை மெனக்கெட்டுப் போய்ப் பார்த்தவள் லிடியா. ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள். ப்ளாக் வாட்ஸ்அப் குரூப்பில் அவளுக்குத் தனி மரியாதை உண்டு.

கூப்பிட்டனுப்பியதும் டிரைவர் கலியமூர்த்தி வந்து நின்றார். காக்கிச் சட்டை, நரைத்த தலை. ரிட்டயர் ஆக இன்னும் நாலு மாதம். லிடியாவின் பக்கத்தில் நின்ற அவள் மகன், இரண்டாம் வகுப்பு ஜெபின், அவரைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினான். லிடியா அந்தக் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன கலியமூர்த்தி, ரூல் போடற ஆபீஸ் வண்டியே ரூலை மீறலாமா?” என்றார் அதிகாரி.

“தப்புதாங்க சார். ஆனா அங்க நிறுத்தலைன்னா...”

“நிறுத்தலைன்னா என்ன, டீ ஆறிடுமா?” என்று வெட்டினாள் லிடியா.

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.  அன்று மாலையே கலியமூர்த்திக்கு மெமோ. லாரிச் சாவியை வாங்கிக்கொண்டு, நர்சரியில் களை பிடுங்க அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஸ்டாப்புக்கு முன்னால் சாலை விசாலமாகக் கிடந்தது.

“கலக்கிட்டீங்க அக்கா!” என்றாள் ஒரு அம்மா. லிடியாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஏழு ஐம்பதுக்கு, வளைவு திரும்பி, அனல் மின்நிலையச் சாம்பல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று வந்தது. எதிரே தொழிலாளர்களை ஏற்றிவந்த ஷிப்ட் பஸ். டிப்பர்காரன் பிரேக்கில் காலை வைக்கவே இல்லை. அப்படியே இடது பக்கம் மண்ணில் இறக்கி, குழந்தைகள் நின்ற வரிசையை உரசிக்கொண்டு போய்விட்டான்.

ஜெபினை எப்படி இழுத்தாள் என்று லிடியாவுக்கே தெரியாது. புழுதி அடங்கியபோது, அவன் நின்ற இடத்தில் டயர் தடம் இருந்தது. தடத்துக்குள் அவனுடைய லஞ்ச் பை. டப்பா நசுங்கி, தயிர்சாதம் மண்ணோடு அப்பிக் கிடந்தது.

ஜெபினைத் தன்னோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். 

எதிர்க்கடை மாணிக்கம்மாள் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

“புள்ளைக்கு ஒண்ணும் ஆவலையே? அந்த லாரி நின்னுக்கினு இருந்தவரைக்கும் பயமில்லாம இருந்துச்சு. இந்த எடத்துல டிப்பருங்க ஓரம் எறங்க முடியாது, பிரேக் போட்டுத்தான் ஆவணும். ஆடி மாசம் ஒருவாட்டி இதே மாதிரி ஒருத்தன் எறக்கினான். அதைப் பாத்ததுலேர்ந்துதான் கலியமூர்த்தி லாரியக் கொண்ணாந்து இங்க போட ஆரம்பிச்சாரு. புள்ளைங்க பஸ் ஏறினாத்தான் எடுப்பாரு.”

“டீ குடிக்கத்தானே... இருபது நிமிஷமா...”

“டீயா? அவருக்குச் சக்கரைம்மா, டீய வுட்டு ரெண்டு வருசம் ஆவுது. வெந்நித் தண்ணிய கையில வச்சிக்கினு ரோட்டையே பாத்துக்கினு நிப்பாரு.”

குழந்தைகள் லாரிக்குப் பின்னால் மறைந்து நிற்கிறார்கள் என்று சொன்னது லிடியாவேதான். சனிக்கிழமை லாரி வராததையும் சொன்னது அவளேதான். 

அன்றே ஆபீசுக்கு ஓடினாள்.

“டிப்பர் விஷயத்தை போலீஸ்ல சொல்றேம்மா” என்றார் அன்புச்செல்வன். “ஆனா கலியமூர்த்தி மேல போட்ட ஆர்டர் போட்டதுதான். நோ பார்க்கிங்னா நோ பார்க்கிங்னு நீங்கதானே சொன்னீங்க? வேற புகார் வந்து, அந்த இடத்தைப் பத்தி மறுபடி விசாரணை நடந்தாத்தான் அந்தப் பேச்சையே எடுக்க முடியும்.”

மறுநாள் ஏழு நாற்பது. நோ பார்க்கிங் பலகைக்கு நேர் கீழே லிடியா வீட்டுக் கார் நின்றது. குழந்தைகள் அதற்குப் பின்னால்.

வாக்கிங் போன ஒருவர் நின்று முறைத்தார். “படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. போர்டு கண்ணுக்குத் தெரியலையா?” என்று பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார்.

“நம்பர் ப்ளேட் தெளிவா விழற மாதிரி எடுங்க சார்” என்றாள் லிடியா. “இன்னிக்கே ஆபீஸ்ல கொண்டுபோய்க் கொடுங்க. நான் சொல்ல விடாத அந்த மனுஷனோட காரணத்தை, அதே மேஜை முன்னால நின்னு நான் சொல்லி முடிக்கணும்.”