சலங்கை எந்தப் பக்கம்?

வாவி நீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் சுவரில் அசைந்துகொண்டிருக்கிறது. நுண்ணிய ஓசைகளைப் பிரித்தனுப்பும் குரொஸோவரில் புதிய கெப்பாசிட்டர் பொருத்திய ஸ்பீக்கரை வலப்பக்கமும், பழையதை இடப்பக்கமும் வைத்துப் பாட்டைப் போடுகிறான், அரிசி மில் இரைச்சலில் வருஷக்கணக்காக வேலை பார்க்கும் உதயரூபன். அவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கின்றன. வாங்கிய சாமான் போலியோ? பற்றவைத்த ஈயம் சரியாக ஒட்டவில்லையோ? கதவடியில் இறால் உரிக்கும் அவன் மனைவி மேனுகா நிமிர்கிறாள். "இஞ்சேருங்க, இந்தப் பாட்டில சலங்கைச் சத்தமும் இருக்கா? வலப்பக்கம் நல்லாக் கேக்குது!" அவன் பெட்டிகளை இடம் மாற்றி வைக்கிறான். "இப்ப இடப்பக்கம்," என்கிறாள் அவள், இறாலில் குனிந்தபடியே. அவன் ஸ்பீக்கர்த் துணியில் காதை அழுத்துகிறான். குரல் கேட்கிறது, மத்தளம் கேட்கிறது. சலங்கை எங்கே? "உங்களுக்குக் கேக்கல்லயா?" "கேக்குது, கேக்குது," என்கிறான். கை மட்டும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது.