ரெண்டு ஆவுடைத்தாய்

"இந்த ஒரு ஹால் டிக்கெட்டை வெச்சு நாங்க ரெண்டு பேரும் எழுதலாமா டீச்சர்? நாளைக்குக் காலையில அவ எழுதட்டும். மத்தியானப் பேப்பரை நான் எழுதுதேன்."

கேட்டவள் முகத்திலும் சரி, பக்கத்தில் நின்ற சின்னவள் முகத்திலும் சரி, கூச்சநாச்சமே இல்லை.

பத்மப்ரியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆள்மாறாட்டம் செய்வதற்கு ஆபீசிலேயே வந்து அனுமதி கேட்கிறவர்களை அவள் பார்த்ததில்லை.

பாளையங்கோட்டையில் இருந்த அந்தத் தபால்வழிக் கல்வி நிலையத்தின் கம்ப்யூட்டர் பிரிவு அவள்தான். பிரிவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், கறகறவென்று அச்சடிக்கும் ஒரு பிரிண்டர், பத்மப்ரியா. அவ்வளவுதான்.

நாலாயிரம் மாணவர்களின் கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி மூன்று மாதம் ஆகிறது. இனி இதுதான் நம் நிலையத்தின் மூளை என்று டைரக்டர் ஹரிநாராயணன் பூஜை போட்ட அன்றே சொல்லிவிட்டார். ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் கண்டுபிடித்து ஒன்றாக்கிவிடும் புரோகிராம் பத்மப்ரியா எழுதியது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். மா. ஆவுடைத்தாய், பிறந்த தேதி 1-6-1974, மாஞ்சோலை எஸ்டேட், பால்வாடி ஆசிரியை பயிற்சி.

"இதுல யார் ஆவுடைத்தாய்?"

"ரெண்டு பேருந்தான்."

பெரியவள்தான் விளக்கினாள். இருவரும் அண்ணன் தம்பி மக்கள். அப்பாக்கள் பெயர் மாரிக்கண்ணு, மாடசாமி. ஆச்சி பெயரையே இரண்டு பேத்திகளுக்கும் வைத்துவிட்டார்கள். பிறந்த தேதியோ, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜூன் ஒன்றுதான். ஒரே வகுப்பில் சேர்ந்ததால் வருஷமும் ஒன்று. ஹெட்மாஸ்டர் போட்டது போட்டதுதான்.

மாதம் ஒரு பாடப் புத்தகம் தபாலில் வரும். அதை வைத்துத்தான் இருவரும் படித்தார்களாம். எப்படி என்று பத்மப்ரியா கேட்டாள்.

"மேகம் இறங்கிட்டுன்னா பக்கத்துல நிக்கவ முகங்கூடத் தெரியாது டீச்சர். அவ பாடத்தைச் சொல்லுவா, நான் கேட்டுக்கிட்டே கொழுந்து பறிப்பேன். பெறவு நான் சொல்லுவேன். யாரு சொல்லுதா, யாரு கேக்குதான்னே சில நேரம் தெரியாமப் போயிரும்."

வெளியே ஏப்ரல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனால் அவர்கள் பேசப் பேசப் பத்மப்ரியாவுக்கு அறைக்குள்ளேயே மேகம் இறங்குவதுபோல் இருந்தது. திரையில் பச்சை எழுத்துகள் தேயிலை வரிசைகளாக ஏறி இறங்கின. எந்தக் குரல் பெரியவளுடையது, எது சின்னவளுடையது என்று அவளுக்கும் பிடிபடவில்லை. கோபம் எங்கே போனது என்றும் தெரியவில்லை.

எஸ்டேட்டில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பால்வாடி திறக்கப் போகிறார்களாம். பாஸ் பண்ணினால் ஆளுக்கு ஒன்று. அட்டைக்கடியும் முதுகுக் கூடையும் இல்லாமல் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கலாம். சின்னவள் அதைச் சொல்லும்போது பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருப்பதுபோலச் சிரித்தாள்.

ஒரு டிக்கெட்டுக்கு ஒரு சர்டிபிகேட்தான் என்று பத்மப்ரியா தயங்கித் தயங்கிச் சொன்னாள். சின்னவள் முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்தது.

"நீங்க ரெண்டு பேருமே அப்ளிகேஷன் போட்டீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவள் வாயைத் திறப்பதற்குள் வைத்தியலிங்கம் அண்ணாச்சி உள்ளே வந்துவிட்டார். இருபது வருஷமாகக் கார்டு அலமாரியைக் கட்டிக் காக்கிற குமாஸ்தா. கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து பத்மப்ரியாவிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்.

"போடாம என்ன? ரெண்டு கார்டும் என் கையால எழுதுனதும்மா. பேரும் தேதியும் ஒண்ணா இருக்குன்னு உன் மிஷினு ஒருத்தியை முழுங்கிட்டு."

பத்மப்ரியா திரையைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய புரோகிராம் அப்படித்தான் செய்யும். செய்திருக்கும்!

நேரே டைரக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். தவறு முழுவதும் புரோகிராமுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். அதன் பிறகுதான் சின்னவளுக்குக் கையால் எழுதிய ஹால் டிக்கெட்டில் முத்திரை விழுந்தது.

பத்மப்ரியா இருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். ராத்திரி தச்சநல்லூரில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இருவரும் படியிறங்கினார்கள்.

பத்மப்ரியாவுக்கு மனசு ஆறவில்லை. இன்னும் எத்தனை பேரை இந்த மிஷின் முழுங்கியிருக்கிறதோ? கார்டுகளைப் பார்த்துவிடலாம் என்று அலமாரிக்குப் போனாள். அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்தார்.

'ஆ' வரிசையை இழுத்தாள். அண்ணாச்சி சொன்ன மாதிரியே ஆவுடைத்தாய் பெயரில் இரண்டு கார்டுகள். ஒன்று ஓரமெல்லாம் நைந்து பழுப்பேறியிருந்தது. இன்னொன்றை உருவினாள். அண்ணாச்சியின் அதே உருண்டை எழுத்து. சேர்ந்த தேதி 12-7-1995.

கட்டைவிரலில் ஏதோ ஈரம். பார்த்தாள், நீலமாக இருந்தது.

மை இன்னும் காயவில்லை.

கம்ப்யூட்டர் யாரையும் முழுங்கவில்லை. அவளுடைய புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை. அவள் எழுதிக் கொடுத்த கடிதம் மட்டும் டைரக்டர் மேஜைமேல் கிடந்தது.

"பத்மப்ரியா! அந்த ரெண்டு கார்டையும் எடுத்துண்டு வாம்மா, பார்க்கணும்" என்று உள்ளேயிருந்து டைரக்டர் கூப்பிட்டார்.

"அஞ்சு நிமிஷம் சார், தேடிண்டிருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, புதுக் கார்டை மின்விசிறிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள் பத்மப்ரியா.